காலாவதித் தேதி நெருங்கும் உரிம வாரியங்கள்: நீட்டிப்பதா, இணைப்பதா, விட்டுவிடுவதா?

2019 ஜூன் 13 அன்று டெக்ஸஸ் ஆளுநர் கிரெக் ஆபட் ஒரு நிர்வாக ஆணை பிறப்பித்தார். 2017 ஆகஸ்டில் அம்மாநிலத்தைத் தாக்கிய ஹார்வி புயலின் சீரமைப்புப் பணிகள் இன்னும் முடியவில்லை என்பதைக் காரணமாகக் காட்டி, மாநிலப் பிளம்பிங் தேர்வாளர் வாரியத்தின் ஆயுளை 2021 மே 31 வரை அந்த ஆணை நீட்டித்தது. பேரிடர்க் காலத்துக்கென ஆளுநருக்கு வழங்கப்பட்ட அதிகாரத்தைக் கொண்டு, பிளம்பர்களுக்கு உரிமம் வழங்கும் ஓர் அலுவலகத்தைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. சட்டமன்றம் அந்த வாரியத்தை நீட்டிக்காமலேயே சில வாரங்களுக்கு முன்பு கலைந்து போயிருந்ததே அதற்குக் காரணம். வாரியத்தை ஒழித்துவிட வேண்டும் என்று எந்த அவையும் முடிவெடுத்திருக்கவில்லை. அதன் பணியை வேறொரு துறைக்கு மாற்றுவதா, தனித்தே இயங்க விடுவதா என்பதில் உடன்பாடு ஏற்படாமல் மசோதா விழுந்தது. சட்டத்தில் எழுதியிருந்த காலாவதித் தேதி தானாகச் செயல்படத் தொடங்கிவிட்டது.

இப்படி ஒரு முடிவுத் தேதியைச் சட்டத்திலேயே எழுதிவைக்கும் ஏற்பாட்டை அமெரிக்காவில் சன்செட் சட்டம் என்கிறார்கள். இக்கட்டுரையில் அதைக் காலாவதிச் சட்டம் என்று குறிப்பிடுகிறேன். 1976இல் கொலராடோ இதை முதன்முதலாக இயற்றியது. 1977இல் டெக்ஸஸ் தொடர்ந்தது. அடுத்த சில ஆண்டுகளில் முப்பதுக்கு மேற்பட்ட மாநிலங்கள் ஏதோ ஒரு வடிவில் இதை ஏற்றுக்கொண்டன. சாதாரணமாக ஓர் அரசு அமைப்பை மூடுவதற்குத்தான் சட்டம் வேண்டும். இந்த ஏற்பாட்டில் அது தொடர்வதற்கே சட்டம் வேண்டும். டெக்ஸஸில் பொதுவாக 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒவ்வோர் அமைப்பின் முறையும் வருகிறது. அமைப்பு முதலில் தன்னைப் பற்றித் தானே ஓர் அறிக்கை அளிக்க வேண்டும். அதன் பிறகு காலாவதி ஆலோசனை ஆணையத்தின் ஊழியர்கள் உள்ளே சென்று ஆராய்ந்து தங்கள் அறிக்கையை வெளியிடுவார்கள். ஐந்து செனட்டர்கள், ஐந்து பிரதிநிதிகள், பொதுமக்கள் தரப்பில் இருவர் என 12 பேர் கொண்ட அந்த ஆணையம் பொது விசாரணை நடத்தி, பரிந்துரைகளை வாக்கெடுப்பில் முடிவு செய்து, மசோதாவாகச் சட்டமன்றத்துக்கு அனுப்பும். மசோதா நிறைவேறாவிட்டால் கணக்கு வழக்குகளை முடித்துக்கொள்ள ஓராண்டு கிடைக்கும். டென்னசியிலும் கொலராடோவிலும்கூட இந்த ஓராண்டு அவகாசம் உண்டு.

தேதி நெருங்கும்போது ஒரு சட்டமன்றத்தின் முன் இருக்கும் வழிகள் அதிகமில்லை. வாரியத்தை முழுக்காலத்துக்கு அப்படியே நீட்டிக்கலாம், திருத்தங்களோடு நீட்டிக்கலாம், இரண்டு ஆண்டுகளுக்கு மட்டும் நீட்டித்து முடிவைத் தள்ளிப்போடலாம், பெரிய துறை ஒன்றுடன் இணைக்கலாம், அல்லது காலாவதியாக விட்டுவிடலாம். இவற்றுள் எது சரி என்பது வாரியம் திறமையாக நடக்கிறதா என்பதை மட்டும் பொறுத்ததன்று. அந்தத் தொழிலில் நிகழும் தவறு வாடிக்கையாளரின் கண்ணுக்கு உரிய நேரத்தில் படுமா, வாரியம் இல்லாவிட்டால் அவருக்கு வேறு என்ன வழி மிஞ்சும் என்ற இரண்டு கேள்விகளைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்பது என் கருத்து. ஆய்வறிக்கைகள் பெரும்பாலும் நிர்வாகத் திறனிலேயே நின்றுவிடுகின்றன.

குறுகிய கால நீட்டிப்பிலிருந்து தொடங்கலாம். எவருக்கும் வலிக்காத வழிபோலத் தோன்றுவதால்தான் சட்டமன்றங்கள் இதை விரும்புகின்றன. டெக்ஸஸ் சட்டமன்றம் ஈராண்டுக்கு ஒருமுறை 140 நாள்கள் மட்டுமே கூடுகிறது. ஆய்வு முடியாத அமைப்புகளையும், தங்கள் மசோதா எங்காவது சிக்கிக்கொண்ட அமைப்புகளையும் மொத்தமாக ஈராண்டு தள்ளிவைக்கும் ஒரு பாதுகாப்பு மசோதாவை ஒவ்வொரு கூட்டத்தொடரிலும் கொண்டுவருவது அங்கே வழக்கமாகிவிட்டது. 2009இல் அத்தகைய மசோதா நிறைவேறாமல் போனதால், போக்குவரத்துத் துறையும் காப்பீட்டுத் துறையும் உட்பட ஐந்து அமைப்புகளைக் காக்க ஜூலை மாதத்தில் ஒரு சிறப்புக் கூட்டத்தொடரைக் கூட்ட வேண்டியதாயிற்று.

2017இல் நடந்தது இதைவிடத் தெளிவான பாடம். அவ்வாண்டு காலாவதி வரிசையில் நின்றவை மருத்துவ வாரியம், உளவியலாளர் வாரியம், திருமண மற்றும் குடும்ப ஆலோசகர் வாரியம், தொழில்முறை ஆலோசகர் வாரியம், சமூகப் பணியாளர் வாரியம் ஆகிய ஐந்து. இவற்றில் எதையும் மூடிவிட எவரும் கோரவில்லை. ஆயினும் இவற்றை நீட்டிக்கும் மசோதா இரு அவைகளின் இழுபறியில் மாட்டிக்கொண்டது. செனட்டுக்குத் தலைமை வகிக்கும் துணை ஆளுநர் டான் பேட்ரிக், திருநர்கள் எந்தக் கழிப்பறையைப் பயன்படுத்தலாம் என்பதைக் கட்டுப்படுத்தும் மசோதாவையும் சொத்துவரி மசோதாவையும் நிறைவேற்றிக்கொள்ள இந்த நீட்டிப்பையே பிடிமானமாக்கிக்கொண்டார். மே மாத இறுதியில் கூட்டத்தொடர் முடிந்தபோது மாநிலத்தின் மருத்துவர்களுக்கு உரிமம் வழங்கும் வாரியம் காலாவதிப் பட்டியலில் இருந்தது. ஜூலை 18இல் தொடங்கிய சிறப்புக் கூட்டத்தொடருக்கு ஆளுநர் 20 பொருள்களை அறிவித்து, வாரிய நீட்டிப்பை முதலில் செனட் நிறைவேற்றினால்தான் மற்றவை எடுத்துக்கொள்ளப்படும் என்று நிபந்தனை விதித்தார். வாரியங்கள் 2019 வரை பிழைத்தன. கழிப்பறை மசோதா நிறைவேறவில்லை.

குறுகிய நீட்டிப்பு அதிகாரச் சமநிலையை எப்படி மாற்றுகிறது என்பதை இது காட்டுகிறது. ஈராண்டுக்கு ஒருமுறை உயிர்ப்பிச்சை கேட்க வேண்டிய வாரியம், தான் ஒழுங்குபடுத்த வேண்டிய தொழிலின் செல்வாக்குள்ளவர்களையும் அவர்களுக்கு வேண்டிய சட்டமன்ற உறுப்பினர்களையும் பகைத்துக்கொள்ளத் தயங்கும். கணினி அமைப்பை மாற்றுவது, விசாரணை அலுவலர்களைச் சேர்ப்பது போன்ற, பலன் கிடைக்கச் சில ஆண்டுகள் பிடிக்கும் வேலைகளில் இறங்கவும் தயங்கும். ஆய்வில் ஒரு குறிப்பிட்ட கேள்விக்கு விடை கிடைக்காமல் போய், அதை இன்னார் இன்ன தேதிக்குள் ஆராய்ந்து சொல்ல வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதும்போது மட்டும்தான் ஈராண்டு நீட்டிப்பை நான் ஏற்பேன். காரணம் எழுதாமல் தேதியை மட்டும் மாற்றுவது பேரத்துக்கான பிடியை அடுத்த கூட்டத்தொடருக்குக் கைமாற்றுவதாகும்.

அதற்காக எதையும் கேட்காமல் 12 ஆண்டுகளுக்கு நீட்டித்துவிடலாமா என்றால், அதுவும் கூடாது. இந்த வாரியங்களில் பெரும்பாலானவற்றை அந்தந்தத் தொழில் செய்பவர்களே நடத்துகிறார்கள். வட கரோலைனாவின் பல் மருத்துவ வாரியத்தில் எட்டு உறுப்பினர்களில் ஆறு பேர் தொழில் செய்துகொண்டிருந்த பல் மருத்துவர்கள். வணிக வளாகங்களில் குறைந்த கட்டணத்துக்குப் பற்களை வெண்மையாக்கிக் கொடுத்த, பல் மருத்துவர் அல்லாதவர்களுக்கு அந்த வாரியம் தொழிலை நிறுத்தச் சொல்லிக் கடிதங்கள் அனுப்பியது. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை சென்றது. 2015 பிப்ரவரியில் 6–3 என்ற பெரும்பான்மையில் அளிக்கப்பட்ட தீர்ப்பு, சந்தையில் போட்டியிடுபவர்களே ஒரு வாரியத்தைக் கட்டுப்படுத்தினால், மாநில அரசின் நேரடியான மேற்பார்வை இல்லாதவரை, போட்டியை ஒடுக்கும் செயல்களைத் தடுக்கும் சட்டத்திலிருந்து அதற்கு விலக்கு இல்லை என்றது. மாநில உரிமம் தேவைப்படும் வேலைகளில் இருப்போர் 1950களின் தொடக்கத்தில் உழைப்பாளர்களில் 5 சதவீதத்துக்கும் குறைவு. 2008இல் 25 சதவீதம் என்று அமெரிக்க வெள்ளை மாளிகை 2015இல் வெளியிட்ட அறிக்கை கூறியது. இவ்வளவு பேரின் பிழைப்புக்கு வாசல் காக்கும் அமைப்புகளை 12 ஆண்டுகளுக்கு ஒருமுறைகூடக் கேள்வி கேட்காவிட்டால் காலாவதிச் சட்டம் எதற்கு?

திருத்தங்களோடு கூடிய முழுக்கால நீட்டிப்புதான் ஐந்து வழிகளிலும் உழைப்பு அதிகம் கேட்பது. டெக்ஸஸ் பல் மருத்துவ வாரியத்தை 2017இல் நீட்டித்தபோது உறுப்பினர் எண்ணிக்கையை 15இலிருந்து 11ஆகக் குறைத்தார்கள். இத்தகைய மாற்றம் செய்தித்தாளின் முதல் பக்கத்துக்கு வராது. ஆனால் வாரியம் தன் விருப்பத்தில் ஒருபோதும் செய்துகொள்ளாத மாற்றங்களைச் செய்யவைக்கும் வாய்ப்பு காலாவதித் தேதியால் மட்டுமே கிடைக்கிறது. தேதி இருப்பதால்தான் வாரியம் பேச்சுவார்த்தைக்கு வருகிறது.

இவ்வழிக்கும் ஓர் ஆபத்து உண்டு. நீட்டிப்பு மசோதா எப்படியும் நிறைவேறியாக வேண்டியது என்பதால் ஆளாளுக்கு அதில் எதையாவது ஏற்றிவிடப் பார்ப்பார்கள். கலிஃபோர்னியாவின் பதிவுபெற்ற செவிலியர் வாரியத்துக்கு 2011இல் இதுதான் நேர்ந்தது. அதை நீட்டிக்கும் மசோதாவில் விசாரணை அலுவலர்களின் ஓய்வூதியப் பயன் தொடர்பான ஒரு பிரிவும் இருந்தது; ஆளுநர் ஜெர்ரி பிரவுன் அதை ஏற்காமல் மசோதாவையே திருப்பி அனுப்பிவிட்டார். 2012 ஜனவரி 1இல் வாரியம் இல்லாமல் போயிற்று. அதன் அன்றாடப் பணிகளை நுகர்வோர் விவகாரத் துறை ஒப்பந்தம் ஒன்றின் மூலம் ஏற்றுக்கொண்டாலும், உறுப்பினர்கள் கூடி வாக்களித்து முடிக்க வேண்டியவற்றுக்கு ஆளில்லை. பிப்ரவரியில் புதுச் சட்டம் இயற்றித்தான் வாரியத்தை மீட்டார்கள். எனவே திருத்தங்கள் வாரியத்தின் ஆய்விலிருந்து எழுந்தவையாக மட்டும் இருக்க வேண்டும், ஒரு வாரியத்துக்கு ஒரு மசோதா என்று தனித்தனியாகக் கொண்டுவர வேண்டும் என்ற இரண்டு விதிகளும் வெறும் நடைமுறைச் சம்பிரதாயங்கள் அல்ல.

இணைப்பு என்ற வழியை அமெரிக்காவின் சீர்திருத்தவாதிகள் மிகவும் விரும்புகிறார்கள். டெக்ஸஸின் உரிமம் மற்றும் ஒழுங்குமுறைத் துறை மின்பணியாளர், குளிர்சாதன ஒப்பந்ததாரர், மின்தூக்கி எனப் பல தொழில்களை ஒரே கூரையின் கீழ் நிர்வகிக்கிறது. அதை வழிநடத்தும் ஏழு பேரும் தொழில் சார்பற்ற பொது உறுப்பினர்கள். பிளம்பிங் வாரியத்தை இந்தத் துறைக்கு மாற்ற வேண்டும் என்பதே 2019இல் காலாவதி ஆணையம் செய்த பரிந்துரை. கட்டணம் வசூலித்தல், தேர்வு நடத்துதல், புதுப்பித்தல் ஆகியவை எல்லாத் தொழிலுக்கும் ஏறத்தாழ ஒன்றே. ஒவ்வொரு சிறிய வாரியமும் தனக்கெனக் கணினி அமைப்பும் வழக்கறிஞரும் கணக்கரும் வைத்துக்கொள்வது வீண் செலவு என்பது இதன் பின்னுள்ள வாதம். அந்த அளவில் அது சரியே.

பிளம்பர்கள் இதை எதிர்த்தார்கள். தொழில் சங்கங்களின் எதிர்ப்பைத் தன்னலம் என்று ஒதுக்கிவிடுவது எளிது. அதில் தன்னலமும் உண்டுதான். ஆனால் அவர்கள் தரப்பில் ஒரு செய்தி கவனிக்கத் தக்கது. டெக்ஸஸில் மருத்துவமனைச் சுவர்களுக்குள் ஆக்ஸிஜன் குழாய் பதிப்பவர் பிளம்பர். அதற்கென அவரது உரிமத்தில் தனி ஒப்புதல் வேண்டும். ஆக்ஸிஜன் குழாயும் நைட்ரஸ் ஆக்ஸைடு குழாயும் மாறி இணைக்கப்பட்டால் அது சுவருக்கு வெளியே தெரியாது; படுக்கையில் கிடப்பவரின் மூச்சில்தான் தெரியும். வீட்டுச் சமையல் எரிவாயுக் குழாயை அழுத்தம் ஏற்றிச் சோதித்தார்களா, தோட்டத்துக் கழிவுநீர் குடிநீர்க் குழாய்க்குள் பின்னேறாமல் தடுக்கும் கருவி சரியாக வேலை செய்கிறதா என்பனவும் அப்படியே. புகார் வந்தால் அதைப் படித்துப் புரிந்துகொள்ள அத்தொழிலை அறிந்த ஒருவர் வேண்டும் என்பது நியாயமான கோரிக்கை. பெரிய துறையில் அப்படிப்பட்டவர் ஆலோசனைக் குழுவில் இருப்பார். இறுதி முடிவு எடுப்பவர் வேறொருவராக இருப்பார்.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருப்பதை அதே 2019இல் டெக்ஸஸே காட்டியது. 2017இல் தத்தளித்த ஐந்து வாரியங்களில் மருத்துவ வாரியத்தைத் தனியாக 2031 வரை நீட்டித்துவிட்டு, மற்ற நான்கையும் சேர்த்து நடத்தைசார் நல நிர்வாகக் குழு என்ற புதிய அமைப்பின் கீழ்க் கொண்டுவந்தார்கள். நான்கு வாரியங்களும் ஒழிக்கப்படவில்லை. ஒவ்வொன்றிலிருந்தும் தொழில் சார்ந்த ஒருவர், பொது உறுப்பினர் ஒருவர் என எட்டுப் பேரும், ஆளுநர் நியமிக்கும் தலைவரும் சேர்ந்து ஒன்பது பேர் அக்குழுவில் அமர்கிறார்கள். தொழில்தர விதிகளை வாரியம் முன்மொழியும். குழு ஏற்றால்தான் அது விதியாகும். அலுவலகமும் ஊழியர்களும் பொது. உச்ச நீதிமன்றத் தீர்ப்பு கேட்ட மேற்பார்வையையும் இது ஓரளவு தந்துவிடுகிறது. உளவியலாளர், ஆலோசகர், சமூகப் பணியாளர் ஆகியோரின் வேலை ஒன்றையொன்று உரசிச் செல்வது என்பதால் இந்த இணைப்பு பொருந்துகிறது. உளவியலாளரையும் மின்தூக்கி பழுதுபார்ப்பவரையும் ஒரே குழுவில் அமர்த்தினால் இது பொருந்தாது.

இணைப்பிலும் மென்மையான ஒரு வகை உண்டு. டெக்ஸஸின் கால்நடை மருத்துவ வாரியத்தால் தன் உரிமங்கள், புகார்கள் பற்றிய நம்பகமான தரவுகளைக்கூட ஆய்வாளர்களுக்குத் தர முடியவில்லை. 2023இல் அதைக் கலைக்காமல், நான்கு ஆண்டுகளுக்கு உரிமத் துறையோடு நிர்வாக அளவில் மட்டும் இணைத்தார்கள். தொழில் முடிவுகள் வாரியத்திடமே இருக்கின்றன. கணினியும் பணியாளர் நிர்வாகமும் துறையிடம் சென்றன. நோய் நிர்வாகத்தில் இருக்கும்போது மருந்தையும் அங்கேயே கொடுப்பது நல்ல முறை.

இனி, விட்டுவிடுவது. காலாவதிச் சட்டத்தின் ஆர்வலர்கள் இதைத்தான் அதன் உண்மையான வலிமை என்பார்கள். எதிர்ப்பவர்கள் இதையே பேராபத்து என்பார்கள். இரு தரப்புக்கும் சான்று உண்டு.

டெக்ஸஸ் 2003இல் குடியிருப்புக் கட்டுமான ஆணையம் என்று ஒன்றை நிறுவியது. புதிதாகக் கட்டிய வீட்டில் குறை கண்ட உரிமையாளர், கட்டுநர்மீது வழக்குத் தொடுப்பதற்கு முன் இந்த ஆணையத்தின் ஆய்வு நடைமுறையைக் கடந்தாக வேண்டும். வீடு வாங்கியவர்களுக்கு உதவுவதைவிட நீதிமன்றம் செல்லும் வழியில் அது ஒரு தடையாக நிற்கிறது என்ற குற்றச்சாட்டு வலுத்தது. காலாவதி ஆய்வாளர்களும் அதை மூடிவிடலாம் என்று பரிந்துரைத்தார்கள். 2009இல் சட்டமன்றம் அதை நீட்டிக்கவில்லை; 2010இல் அது மூடப்பட்டது. விரிசல் விட்ட சுவர் வீட்டுக்காரர் கண்ணுக்குத் தெரியும். ஆணையம் போனபின் நீதிமன்றக் கதவு முன்பைவிட அவருக்கு எளிதாகத் திறந்தது. இங்கே விட்டுவிட்டது சரி.

கொலராடோவின் கதை வேறு. காலாவதிச் சட்டத்தின் பிறப்பிடமான அம்மாநிலம், 1980களின் தொடக்கத்தில் ஈமச்சடங்கு நடத்துநர்களுக்கான உரிமத்தைக் கைவிட்டது. அவர்களுக்கு உரிமம் கேட்காத ஒரே மாநிலம் என்ற நிலையில் அது நெடுங்காலம் இருந்தது. பெரிய கேடு எதுவும் வெளியே தெரியாததால் அது சரியான முடிவென்றே கருதப்பட்டது. 2023 அக்டோபரில் பென்ரோஸ் என்ற சிற்றூரில் ஓர் ஈமச்சடங்கு நிறுவனத்தின் கட்டடத்திலிருந்து துர்நாற்றம் வருவதாகப் புகார் வந்தது. உள்ளே ஏறக்குறைய 190 உடல்கள் அழுகிக் கிடந்தன. எரியூட்டி முடித்துவிட்டதாக நம்பவைத்து, சில குடும்பங்களுக்கு அஸ்தி என்று வேறெதையோ கொடுத்திருந்தார்கள். தங்களிடம் தரப்பட்டது உறவினரின் சாம்பல்தானா என்று எந்தக் குடும்பத்தாலும் சோதித்துப் பார்க்க முடியாது. உரிமம் இருந்திருந்தால் இது நடந்தே இருக்காது என்று எவரும் உறுதியாகச் சொல்ல முடியாது; உரிமம் உள்ள மாநிலங்களிலும் மோசடி நடக்கிறது. ஆனால் உரிமம் இருந்தால் பறிக்க ஒன்று இருந்திருக்கும். ஆய்வாளர் உள்ளே செல்ல ஒரு காரணம் இருந்திருக்கும். 2024இல் கொலராடோ இரண்டையும் திரும்பக் கொண்டுவந்தது: வழக்கமான சோதனைகளும், 2027 முதல் நடத்துநர்களுக்கான உரிமமும்.

கலிஃபோர்னியாவில் தனியார் உயர்கல்வி மற்றும் தொழிற்கல்வி நிறுவனங்களை ஒழுங்குபடுத்திய சட்டம் 2007 ஜூலை 1இல் காலாவதியாயிற்று. மாற்றுச் சட்டம் 2009இல்தான் வந்தது. புதிய அமைப்பு 2010இல் செயல்படத் தொடங்கியது. இடைப்பட்ட காலத்தில், கட்டணம் வாங்கிக்கொண்டு பள்ளியை மூடிவிட்டவர்களிடம் சிக்கிய மாணவர்களுக்கு முறையிட மாநில அமைப்பு இல்லை. இதை முடிவு என்று சொல்வதே தவறு. முடிவெடுக்க முடியாமல் போனதன் விளைவு இது.

மூன்றையும் அருகருகே வைத்துப் பார்த்தால், வாரியம் ஒழிவதைவிட அதனோடு சேர்ந்து தொழிலைப் பற்றிய சட்டமே ஒழிவதுதான் பெரிய கேடாகத் தெரிகிறது. டெக்ஸஸ் பிளம்பர்கள் 2019இல் அஞ்சியதும் அதற்குத்தான்: வாரியத்தோடு மாநிலப் பிளம்பிங் உரிமச் சட்டமும் காலாவதியாக இருந்தது. நகராட்சிகள் தங்கள் சொந்த விதிகளை வைத்துக்கொண்டு சமாளித்திருக்கக்கூடும். நகர எல்லைக்கு வெளியே அதுவும் இருந்திருக்காது. காலாவதித் தேதியை வாரியம் என்ற அமைப்புக்கு மட்டும் கட்டி, உரிமத் தேவைக்கு வேறொரு நீண்ட தேதியை வைத்து, வாரியம் காலாவதியானால் அதன் அதிகாரம் இன்ன துறைக்குத் தானாகச் செல்லும் என்று ஒரு வரி எழுதிவிட்டால், இந்த நெருக்கடிகளில் பெரும்பாலானவை எழுந்திருக்காது. மருத்துவர்களின் உரிமத்தைக் காட்டி வேறொரு மசோதாவுக்குப் பேரம் பேசுவதும் முடியாமல் போகும். இந்தத் திருத்தத்தைச் செய்யச் சட்டமன்றங்கள் அவசரம் காட்டாததற்குக் காரணமும் அதுவாகவே இருக்கலாம்.

பிளம்பிங் வாரியம் 2021இல் முறையான சட்டத்தால் மறுபடி நீட்டிக்கப்பட்டது. அதன் புதிய காலாவதித் தேதி 2027 செப்டம்பர் 1. கால்நடை மருத்துவ வாரியத்தின் நான்காண்டு இணைப்பும் அதையொட்டியே முடிகிறது. கால்நடை வாரியத்துக்கு நிர்வாக இணைப்பை இன்னொரு முழுச்சுற்றுக்குத் தொடர்வதும், அதற்குள் உரிமங்கள், புகார்கள் பற்றிய தரவுகளை ஆண்டுதோறும் வெளியிடச் செய்வதும் போதும் என்பது என் கணிப்பு. பிளம்பிங் வாரியத்துக்கு, தேர்வு, கட்டணம், புதுப்பித்தல் ஆகியவற்றை உரிமத் துறைக்குக் கொடுத்துவிட்டு, தொழில்தர விதிகளையும் புகார் விசாரணையையும் வாரியத்திடமே வைத்து, பொது உறுப்பினர்களைக் கூட்டி 12 ஆண்டுகளுக்கு நீட்டிப்பதே பொருத்தம். உரிமச் சட்டத்தின் தேதியை அதே மசோதாவில் வாரியத்தின் தேதியிலிருந்து பிரித்துவிட வேண்டும். மேலும் ஈராண்டு தள்ளிவைப்பதை மட்டும் செய்யக் கூடாது.